அண்டாவிலிருந்து கோப்பைவரை: ட்ராப்பிஸ்ட் டுபல் காய்ச்சுவதும் சுவைப்பதும்

ட்ராப்பிஸ்ட் பீர் என்றதும் கூடவே ‘துறவிகளின் ரகசியச் செய்முறை’ என்ற பேச்சும் வந்துவிடும். உண்மையில் பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே மடத்தில் காய்ச்சும் டுபல் என்ற அடர்நிற பீரின் சேர்மானத்தை ஓர் அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்: பில்ஸ் மால்ட் (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிறப் பார்லி), கொஞ்சம் அடர்நிற மால்ட், அடர் கேண்டி சர்க்கரை, ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), தண்ணீர், ஈஸ்ட். இதே பட்டியலை வைத்து வீட்டில் காய்ச்சுகிறவர்களில் பலருக்கு நெயில் பாலிஷ் நெடியோ, தொண்டையைச் சுடும் காரமோதான் மிஞ்சுகிறது. பட்டியலில் குறை எதுவும் இருக்காது. அடுப்பை அணைத்த பிறகு வரும் பத்து நாளிலும், மூடி அடித்த பிறகு வரும் மூன்று வாரத்திலும்தான் கோட்டை விட்டிருப்பார்கள். ஆகவே காய்ச்சுவதைவிட ஈஸ்ட்டையும் பாட்டிலையும் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருகிற நாடுகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே காய்ச்சும் பகுதி. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் காய்ச்சினால் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் நேராகச் சுவைக்கும் பகுதிக்குப் போய்விடலாம்.

‘ட்ராப்பிஸ்ட்’ என்பது பீர் வகையின் பெயர் அல்ல, காய்ச்சும் இடத்தைச் சொல்லும் பெயர். நார்மண்டியில் உள்ள லா ட்ராப் மடத்தில் 1664-இல் ரான்சே தொடங்கிய கடும் ஒழுங்குச் சீர்திருத்தத்தின் வழிவந்த சிஸ்டர்சியத் துறவிகளுக்குத்தான் அந்தப் பெயர். புனித பெனடிக்டை, தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஆசீர்வாதப்பரை, பின்பற்றுகிறவர்கள் இவர்கள். அவர் வகுத்த ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம் துறவிகள் தங்கள் கையுழைப்பில் வாழ வேண்டும் என்கிறது. சிலர் பாலாடைக்கட்டி செய்கிறார்கள், சிலர் பீர் காய்ச்சுகிறார்கள். 1997-இல் பன்னாட்டு ட்ராப்பிஸ்ட் சங்கம் ஏற்பட்ட பிறகு அறுகோண முத்திரைக்கு மூன்று நிபந்தனைகள் வந்தன: மடத்தின் மதிலுக்குள், துறவிகள் கையாலோ அவர்கள் மேற்பார்வையிலோ காய்ச்ச வேண்டும், மதுவாலை மடத்து வாழ்க்கைக்கு அடுத்தபடிதான் இருக்க வேண்டும், வருமானம் துறவிகளின் பிழைப்புக்கும் மடத்துப் பராமரிப்புக்கும் போக, மிச்சம் அறப்பணிக்குப் போக வேண்டும். இதில் சலுகை கிடையாது. ஆஹெல் மடத்தில் குடியிருந்த கடைசித் துறவிகள் கிளம்பிப் போனதும் 2021-இல் அதன் முத்திரை போய்விட்டது. பீரில் ஒரு மாற்றமும் இல்லை. அதே லா ட்ராப் பெயரில் நெதர்லாந்தில் காய்ச்சும் பீருக்கு 1999-இல் போன முத்திரை 2005-இல்தான் திரும்பக் கிடைத்தது. லேபிளில் மடத்தின் படமும் பாதிரியார் முகமும் இருந்தால் அது ட்ராப்பிஸ்ட் முத்திரை இல்லாமல் மடத்தின் பெயரை மட்டும் தாங்கிய ‘அபி பீர்’ ஆக இருக்கலாம். லெஃப் அந்த வகைதான். கெட்ட பீர் என்று பொருளல்ல, வேறு பீர்.

இனி அண்டாவுக்கு வருவோம். முடிவில் 20 லிட்டர், 7 விழுக்காடு ஆல்கஹால், தொடக்க அடர்த்தி (தண்ணீர் 1.000 என்று வைத்தால்) 1.063, முடிவு அடர்த்தி 1.010 என்று கணக்கு. பில்ஸ் மால்ட் 4.3 கிலோ, அடர் கேரமல் மால்ட் 300 கிராம், அடர் கேண்டி பாகு 500 கிராம், சாதாரண வெள்ளைச் சர்க்கரை 300 கிராம். கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலம் 5 விழுக்காடு உள்ள ஸ்டிரியன் கோல்டிங் ஹாப்ஸ் 40 கிராம், கடைசியில் போட சாட்ஸ் 10 கிராம். தண்ணீர் மொத்தம் 30 லிட்டர்: ஊறவைக்க 14, அலசி எடுக்க 16. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அரை மாத்திரை பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைத்துவிடுங்கள். அதை விட்டால் குளோரின் மால்ட்டின் பீனால்களோடு சேர்ந்து ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாடையைக் கொடுக்கும். பிறகு எதைச் செய்தாலும் அந்த வாடை போகாது.

மால்ட்டை 65 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊற விட்டு, 72-க்கு ஏற்றிக் கால் மணி நேரம் வைத்து, 78-இல் முடித்து வடியுங்கள். 68, 69-இல் ஊறினால் ஈஸ்ட்டால் தின்ன முடியாத சர்க்கரை கூடி, பீர் கூழ் மாதிரி கனத்துப் போகும். பெல்ஜியக்காரர்கள் தங்கள் பீரைப் புகழும்போது ‘எளிதில் செரிக்கும்’ என்பார்கள். 7 விழுக்காடு இருந்தும் இரண்டாவது கிளாஸ் கேட்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். கீழ் வெப்பத்தில் ஊறவைப்பதும் சர்க்கரை சேர்ப்பதும் இதற்காகத்தான். சர்க்கரை சேர்ப்பது கலப்படம் என்று ஒரு நினைப்பு உண்டு, அது தவறு. முழுவதும் மால்ட்டிலேயே 1.063-க்குப் போனால் பீரின் உடல், அதாவது வாயில் உணரும் கனம், தடித்துவிடும். சர்க்கரை முழுசாக ஆல்கஹாலாக மாறி அந்தத் தடிப்பைக் குறைக்கிறது.

வடித்த சாறு 25 லிட்டர் இருக்கும். தொண்ணூறு நிமிடம், மூடி போடாமல், தளதளவென்று கொதிக்க வேண்டும். பில்ஸ் மால்ட்டில் உள்ள ஒரு கந்தகப் பொருள் ஆவியாகாமல் தங்கினால் வேகவைத்த சோள வாடை வரும், அதனால்தான் அறுபது நிமிடம் போதாது. முடிவுக்கு அறுபது நிமிடம் இருக்கையில் 40 கிராம் ஹாப்ஸ், பதினைந்து நிமிடம் இருக்கையில் 10 கிராம். சர்க்கரையும் பாகும் கடைசிப் பத்து நிமிடத்தில். போடும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கிளறிக் கரையுங்கள், இல்லாவிட்டால் பாகு அடிப்பிடித்துக் கருகும்.

இந்தப் பாகில் பலர் ஏமாறுகிறார்கள். கற்கண்டு மாதிரி கட்டி கட்டியாக, விலை கூட்டி விற்கும் கேண்டி சர்க்கரையில் வெறும் சர்க்கரைதான் இருக்கிறது. வெளிர்நிறக் கட்டி வாங்குவது வீண் செலவு. டுபலுக்கு வேண்டியது திரவமான அடர் பாகு. வீட்டுச் சர்க்கரையைக் கம்பிப் பதம் தாண்டிக் கருக விட்டால் கேரமல் கசப்பு வரும். உலர்திராட்சையும் பேரீச்சையும் மணக்க நைட்ரஜன் உள்ள பொருளோடு சேர்ந்து மெயார்டு வினை (ரொட்டியைச் சிவக்க வைக்கும் அதே வினை) நடக்க வேண்டும். கருப்பட்டி போடலாமா என்று நம்மவர்கள் கேட்பது இயல்புதான். போடலாம், ஆனால் அதன் உப்பும் மண் வாசமும் முன்னால் வந்து நிற்கும். நல்ல பானமாகவே வரலாம். அதை டுபல் என்று சொல்ல முடியாது.

இப்போது ஈஸ்ட். திரவ ஈஸ்ட் உறைகளில் வொய்ட் லேப்ஸ் 530, வையீஸ்ட் 3787 இரண்டும் வெஸ்ட்மாலே வழி வந்தவை என்பது காய்ச்சுகிறவர்கள் எல்லாரும் ஏற்றுக்கொண்ட விஷயம். 500-உம் 1214-உம் ஷிமே வழி, 540-உம் 1762-உம் ரோஷ்ஃபோர் வழி; இரண்டும் பெல்ஜியத்தின் வேறு ட்ராப்பிஸ்ட் ஆலைகள். ஷிமேயின் ஈஸ்ட்டை இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1948-இல் தந்தை தியோடோர் தனித்துப் பிரித்தார். லூவன் பல்கலைக்கழகத்தின் ஜான் டி கிளெர்க் அதற்குத் துணை நின்றார். அந்த அறிவியலாளரின் கல்லறை ஷிமே காய்ச்சும் ஸ்கூர்மோன் மடத்திலேயே இருக்கிறது.

20 லிட்டருக்கு, இந்த அடர்த்தியில், ஏறக்குறைய 230 பில்லியன் உயிர்ச்செல்கள் வேண்டும். புத்தம்புது உறை ஒன்றில் 100 பில்லியன். ஒரே உறையைக் கிழித்து ஊற்றினால் ஈஸ்ட் தன் கூட்டத்தைப் பெருக்கவே திணறி, அந்தத் திணறலில் வாழைப்பழ மணத்தையும் கரைப்பான் நெடியையும் கொட்டும். இரண்டு நாள் முன்னதாக 2 லிட்டர் மெல்லிய மால்ட் கரைசலில் அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள். இட்லி மாவுக்குப் பழைய மாவு ஒரு கரண்டி விடுவதுபோல்தான், ஆனால் இங்கே அளவு தப்பக் கூடாது.

சாற்றை 18 டிகிரிக்கு ஆற்றிய பிறகே ஈஸ்ட்டை விட வேண்டும். காற்று நன்றாகக் கலக்கும்படி குலுக்க வேண்டியதும் இந்த ஒரு நேரத்தில்தான். பிறகு ஒருபோதும் குலுக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் 18 முதல் 20 டிகிரிக்குள் பிடித்து வையுங்கள். தொண்டையைச் சுடும் கன ஆல்கஹால்கள் ஈஸ்ட் பெருகும் அந்த நாட்களில்தான் அதிகம் உண்டாகின்றன. மூன்றாம் நாள் முதல் தானாக ஏறட்டும், 22, 23 வரை போகலாம். பெல்ஜிய ஈஸ்ட் என்றால் சூடு வேண்டும் என்று கேள்விப்பட்டு முதல் நாளே 26-இல் வைப்பதுதான் நெயில் பாலிஷ் நெடியின் மூலம். இன்னொரு ட்ராப்பிஸ்ட் மடமான வெஸ்ட்ஃப்ளேட்டரனில் இதே வெஸ்ட்மாலே ஈஸ்ட்டை வாங்கி வந்து 28 டிகிரிவரை ஏற விடுகிறார்கள் என்பது உண்மைதான். அவர்களும் 20-இல்தான் தொடங்குகிறார்கள். எவ்வளவு சூடு என்பதோடு எந்த நாளில் சூடு என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்த ஈஸ்ட் கட்டும் நுரையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். ஈஸ்ட் விட்ட மறுநாள் மாலைக்குள் காப்பிப்பொடி நிறத்தில் திட்டுத்திட்டாக எழும்பி, பாத்திரத்தின் கழுத்தைத் தொட்டு, வாயுவை வெளியே விடும் குமிழ்ப்பூட்டுக்குள் புகுந்துவிடும். அது அடைத்துக்கொண்டால் மூடி தெறித்து, கூரையில் ஹாப்ஸ் கோலம்தான். 20 லிட்டருக்கு 30 லிட்டர் பாத்திரமும், விரல் தடிமன் குழாயின் ஒரு முனை தண்ணீர்ப் பக்கெட்டில் மூழ்கும்படியான அமைப்பும் வேண்டும். இன்னொரு குணமும் இதற்கு உண்டு. வேகம் குறையும்போது குளிர் பட்டால் 1.020 அருகே படுத்துக்கொள்ளும். ஐந்தாம் நாள் ‘முடிந்துவிட்டது’ என்று நினைத்துக் குளிர்ந்த அறைக்கு மாற்றாதீர்கள். பத்து நாள் 22-இலேயே இருக்கட்டும். ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண்ணைக் காட்டினால்தான் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பிறகு 8 முதல் 10 டிகிரியில் மூன்று வாரம் தெளிய விடலாம்.

பாட்டிலில் அடைப்பதில் விளையாட்டுக்கு இடமே இல்லை. டுபலுக்கு 3.2 மடங்கு கார்பனேற்றம் வேண்டும், அதாவது பீரின் கன அளவைப் போல 3.2 மடங்கு கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்திருக்க வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரை. வண்டல் போக 19 லிட்டர் தேறினால் 170 கிராம். கணக்கில் வழக்கமாக வரும் பிழை ஒன்று: பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் வாயுவைக் கணக்கிட, நொதித்தல் முடிந்தபோது எட்டிய உச்ச வெப்பநிலையை எடுக்க வேண்டும், இப்போது இருக்கும் குளிர்ந்த வெப்பநிலையை அல்ல. குளிரறையின் 8 டிகிரியை எடுத்தால் வாயு நிறைய இருப்பதாகக் கணக்குக் காட்டி, சர்க்கரை குறைந்து, பீர் செத்துப்போகும். மூன்று வாரக் குளிரில் பழைய ஈஸ்ட் களைத்திருக்கும் என்பதால் புதிய உலர் ஈஸ்ட் 2 கிராமை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். பாட்டில் தடித்த பெல்ஜிய வகையாக இருக்க வேண்டும். மெல்லிய பாட்டில் 3 மடங்குக்கு மேல் தாங்கும் என்று நம்ப முடியாது. பிறகு 21 முதல் 23 டிகிரி அறையில் மூன்று வாரம், மூடிய பெட்டிக்குள் வைத்து. வெடித்தால் சில்லுகள் பெட்டியோடு நிற்கும்.

ட்ரிபலில் இதையே இன்னும் கடுமையாகச் செய்ய வேண்டும். வெஸ்ட்மாலே 1934-இல் முதன்முதலாகக் காய்ச்சி, 1956-இல் சகோதரர் தோமாஸ் ஹாப்ஸைக் கூட்டித் திருத்திய 9.5 விழுக்காட்டு பீர் அது. வெளிர் மால்ட்டும் சர்க்கரையும் மட்டுந்தான். அதில் கேரமல் மால்ட் போட்டுத் ‘தேன் நிறம்’ வரவழைக்கிறவர்கள் அதைக் கெடுக்கிறார்கள். சர்க்கரையில் பாதியை நொதித்தலின் உச்சம் கடந்த பிறகு சேர்த்தால் ஈஸ்ட் முதலில் கடினமான மால்ட் சர்க்கரையைத் தின்று பழகிவிடும், பீர் வறண்டு முடியும்.

ஓர்வால் என்ற இன்னொரு பெல்ஜிய ட்ராப்பிஸ்ட் பீரை வீட்டில் போலச் செய்ய நினைக்கிறவர்கள் நன்றாக யோசித்துவிட்டு இறங்குங்கள். அதன் உயிர் பிரெட்டனோமைசிஸ், சுருக்கமாக பிரெட், என்ற காட்டு ஈஸ்ட். மற்ற ஈஸ்ட் விட்டுவிட்ட சர்க்கரையை மாதக்கணக்கில் பாட்டிலுக்குள் தின்றுகொண்டே இருக்கும். அடர்த்தியில் 0.001 குறைந்தால் ஏறக்குறைய அரை மடங்கு கார்பனேற்றம் கூடும். 1.010-இல் அடைத்து அது 1.004-க்கு இறங்கினால் கார்பனேற்றம் இன்னும் மூன்று மடங்கு கூடும், நீங்கள் போட்ட சர்க்கரை தருவதற்கும் மேலே. ஆகவே முதல் நொதித்தல் 1.006-க்குக் கீழ் போகும்வரை காத்திருங்கள். பிரெட் தொட்ட குழாய், மூடி, பிளாஸ்டிக் எதுவும் மறுபடி டுபல் பக்கம் வரக் கூடாது.

சுவைக்கிற இடத்தில் முதல் எதிரி குளிர்பெட்டிதான். 4 டிகிரியில் டுபல் ஊமையாகிவிடும், கேட்பது கசப்பு மட்டும். எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்து 10 முதல் 14-க்குள் ஊற்றுங்கள். நம் ஊர் 32 டிகிரி அறையில் அது பத்து நிமிட வேலை. அதே அறையில் மாதக்கணக்கில் வைத்து ‘முதிர’ விடுவது வேண்டாம். அந்தச் சூட்டில் முதிர்வைவிட ஈர அட்டை வாடைதான் சீக்கிரம் வரும். இருட்டான இடத்தில், நிமிர்த்தி வைத்த பாட்டிலே நல்லது.

கோப்பையில் எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிற்காது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு போகக் கழுவி, ஊற்றும் முன் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசுங்கள். சாய்த்துப் பிடித்து, ஒரே ஓட்டத்தில் ஊற்றி, அடியில் ஒரு செண்டிமீட்டர் விட்டு நிறுத்த வேண்டும். நடுவில் நிமிர்த்திச் சாய்த்தால் வண்டல் கிளம்பிவிடும். பெல்ஜியத்தில் அந்த வண்டலைச் சின்னக் கிளாஸில் தனியாகக் குடிப்பவர்கள் உண்டு. ரொட்டி மாவு மணக்கும். ட்ரிபலில் அதைக் கலந்தால் கசப்பு முரடாகிவிடும், தனியாகவே வையுங்கள்.

மூன்று பேர் உட்கார்ந்தால் 330 மில்லி பாட்டில் ஆளுக்கு 110 மில்லி. ஐந்து பாட்டில் போதும். கடலை மசாலாவும் மிக்சரும் மேசைக்கு வரக் கூடாது, காரம் ஆல்கஹாலின் சூட்டையும் ஹாப்ஸ் கசப்பையும் இரட்டிப்பாக்கும். வெறும் ரொட்டி, உப்புக் குறைந்த பாலாடைக்கட்டி, தண்ணீர். ஓர்வால், வெஸ்ட்மாலே ட்ரிபல், வெஸ்ட்மாலே டுபல், ஷிமே நீலம், ரோஷ்ஃபோர் 10 என்ற வரிசையில் போங்கள். கசப்பும் வறட்சியும் முன்னால், இனிப்பும் கனமும் பின்னால். ரோஷ்ஃபோரை முதலில் குடித்தால் 11.3 விழுக்காடு நாக்கை மூடிவிடும், அதற்குப் பின் 6.2 விழுக்காட்டு ஓர்வால் தண்ணீர் மாதிரி இருக்கும்.

முடிந்தால் ஓர்வாலை இரண்டு பாட்டிலாக வாங்குங்கள், ஒன்று புதிது, ஒன்று ஒரு வருடம் தாண்டியது. அடைத்த தேதியை லேபிளிலேயே போடுவார்கள். ஊற்றி அருகருகே வையுங்கள். புதியதில் உலர் ஹாப்ஸ், ஆரஞ்சுத் தோல், பச்சைப் புல். பழையதில் ஹாப்ஸ் ஒதுங்கி, தோல் பை, ஈர வைக்கோல், குதிரை லாயம் என்று பிரெட் முன்னால் வந்து நிற்கும். உடல் மெலிந்து, நுரை கூடியிருக்கும். ‘கெட்டுப்போய்விட்டது’ என்று பழையதைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கொட்டாதீர்கள். புளித்து நாக்கைப் பிடித்தால் மட்டுமே கெட்டது.

டுபலில் தேட வேண்டியது உலர்திராட்சை, கோகோ, கொஞ்சம் வாழைப்பழம், கிராம்பு. கிராம்பு எதிலும் போடவில்லை, ஈஸ்ட் தந்தது. வாழைப்பழம் மட்டுமே மணந்தால் ஈஸ்ட் குறைவு அல்லது தொடக்கச் சூடு. பச்சை ஆப்பிள் மணந்தால் அவசரப்பட்டு அடைத்த பீர். பாப்கார்ன் வெண்ணெய் வந்தால் ஈஸ்ட் முடிக்கும் முன் குளிர வைத்திருக்கிறீர்கள், அடுத்த முறை கடைசி மூன்று நாள் 22-இல் விடுங்கள்.

ரோஷ்ஃபோர் 10-ஐ அவசரமில்லாமல் கடைசியில் வையுங்கள். மூடி நீலம், 8-க்குப் பச்சை, 6-க்குச் சிவப்பு. இந்த எண்கள் அடர்த்தியைக் குறித்த பழைய பெல்ஜிய அளவையிலிருந்து வந்தவை, ஆல்கஹால் அளவு அல்ல. 12 டிகிரியில் ஊற்றினால் முதலில் அத்திப்பழமும் கருத்த பாகும் வரும். கோப்பையை உள்ளங்கையில் ஏந்திப் பத்து நிமிடம் விட்டு மறுபடி முகருங்கள். அப்போதுதான் அடியில் மெலிதாக மல்லி விதை எட்டிப்பார்க்கும். இது கற்பனை அல்ல, ரோஷ்ஃபோரில் கொத்தமல்லி விதை போட்டுத்தான் காய்ச்சுகிறார்கள்.